வலது கை நடுவிரல்

மகோங்
12 அக்டோபர் 1984

பீஷியா கண்ணுக்கு,

நல்லா இருக்கியாம்மா. உங்கப்பா எப்படி இருக்கார்? இங்க நான் சௌக்கியம். காத்து ஆரம்பிச்சாச்சு. சந்தையில கருவாடு விக்கறப்போ கண்ணு மட்டும் தெரியற மாதிரி முகத்தைத் துணியால கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். அப்படியும் வாய்க்குள்ள மண்ணு.

போன மாசம் நிலாப் பண்டிகைக்கு வென்செங் உன்னை முதல்முதலா இந்தத் தீவுக்குக் கூட்டிட்டு வந்தானே, கப்பல்ல வாந்தி எடுத்து முகம் வெளுத்துப்போய் வந்து நின்னே. படுத்துக்கோன்னு சொன்னா, என் பக்கத்துல உட்கார்ந்து கணவாய்க்குக் குடல் எடுக்க ஆரம்பிச்சுட்டே. இவதான் என் மருமகள்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன். என் மகன் எனக்கப்புறம்தான் முடிவு பண்ணியிருப்பான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். பிப்ரவரியில வர்ற வருஷப் பிறப்புக்கு முன்னாடி நிச்சயத்தை வெச்சுடலாம். மோதிரத்தைக் கடையில வாங்க எனக்கு இஷ்டமில்ல. எங்கம்மா எனக்குப் போட்ட சங்கிலி இருக்கு. அதுல பாதியை அறுத்து, இங்க நகை செய்யற ஸாய் கிட்ட குடுக்கப்போறேன். அளவு வேணும்னான். வென்செங்கைக் கேட்டா, "நடுத்தரமா இருக்கும்மா"ங்கறான். முட்டையா வாங்கப்போறோம், நடுத்தரம் பெருசுன்னு சொல்ல.

அதனால நீயே வீட்டுல அளந்து அனுப்பு. நூல் வேண்டாம், இழுத்தா நீளும். மெல்லிசா ஒரு காகிதம் கிழிச்சு, வலது கை நடுவிரல்ல சுத்தி, முனை சேர்ற இடத்துல பேனாவால கோடு போடு. காலையில அளக்காதே, விரல் சுருங்கியிருக்கும். உப்புக்கறி சாப்பிட்ட அன்னிக்கும் வேண்டாம், உப்பியிருக்கும். சாயங்காலம் குளிச்சிட்டு அளந்து பாரு. மறுநாளும் பாரு. கணு பெருசா இருந்தா அதையும் அளக்கணும். மோதிரம் அதைத் தாண்டித்தானே போகணும்.

இன்னொண்ணு. நிச்சயத்தன்னிக்கு அவன் மோதிரம் போடறப்போ விரலைக் கொஞ்சம் மடக்கிக்கோ. அடி வரைக்கும் தள்ள விட்டுட்டா ஆயுசு முழுக்க அவன் வெச்சதுதான் சட்டம்னு சொல்லுவாங்க. நான் மடக்கல. வென்செங் அப்பாவுக்கும் அவர் தம்பிங்க அத்தனை பேருக்கும் ஆக்கிக் கொட்டினேன். மாமியாரே இதைச் சொல்லிக் குடுக்கறாளேன்னு சிரிக்காதே. உனக்கு அம்மா இல்ல. வேற யாரு சொல்லுவா.

அன்புடன்
அத்தை சின்யே


காவோசியுங், யென்செங்
25 அக்டோபர் 1984

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். விரல் மடக்கும் இடம் வந்ததும் விட்டுவிட்டுப் படித்தேன். "நடுவுல என்னமோ முழுங்கற"என்றார். ஸ்கூட்டர் கடைக்காரருக்கு எந்த எஞ்சின் எங்கே தடுமாறுகிறது என்று கேட்டாலே தெரிந்துவிடும்.

நீங்கள் சொன்னபடி காகிதத்தில் அளந்தேன். அப்பா எட்டிப் பார்த்தார். "காகிதத்துலயா? நட்டு போல்ட்டை இப்படி அளந்தா எனக்கு எந்த வண்டியும் ஓடாது." கடையிலிருந்து விட்டம் அளக்கும் இரும்பு அளவுகோலை எடுத்து வந்து, கிரீஸ் துடைத்து, என் விரலைப் பிடித்துக்கொண்டார். ஜில்லென்று இருந்தது. "ஆடாத" என்றார். அளந்து முடித்த பிறகும் சற்று நேரம் கையை விடவில்லை. "உங்கம்மா விரல்தான்" என்றார். அம்மாவைப் பற்றி அப்பா தானாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

இரண்டு காகிதங்களை இத்துடன் ஒட்டியிருக்கிறேன். விரலின் அடியில் ஐம்பத்து நான்கு மில்லிமீட்டர். கணுவில் ஐம்பத்தேழு. தொழிற்சாலையில் நாள் முழுக்க ரேடியோவுக்குச் சின்னச் சின்னக் கம்பி பற்றவைக்கிறேன், அதனால் கணு தடித்துவிட்டது. உங்கள் ஸாய் எதைப் பார்த்துச் செய்வாரோ.

உங்கள் மகன் தைப்பே போய்ச் சேர்ந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து மளிகைக் கடைக்குப் போன் செய்வார். போன ஞாயிறு வரவில்லை. அவர் வேலை செய்யும் மரச்சாமான் கடையில் வருஷக் கடைசி வேலை அதிகம் போலிருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லி நீங்களும் ஒரு வார்த்தை எழுதுங்கள். நான் சொன்னால் சிரிக்கிறார்.

உங்கள்
பீஷியா


மகோங்
19 நவம்பர் 1984

கண்ணு பீஷியா,

காகிதம் கிடைச்சது. என் விரல்ல சுத்திப் பார்த்தேன். முனை சேரவே இல்ல. கருவாட்டுக்காரி விரல் வேற, ரேடியோக்காரி விரல் வேற.

ஸாய் ரெண்டு காகிதத்தையும் வெச்சுக்கிட்டு, "எதுக்குச் செய்யட்டும், கணுவுக்கா அடிக்கா?"ன்னான். "நீதானே வேலைக்காரன், என்னைக் கேக்கற"ன்னேன். "கணுவுக்குச் செஞ்சா அடியில சுத்தும், அடிக்குச் செஞ்சா கணுவைத் தாண்டாது. அப்புறம் மருமக வந்து என்னைத் திட்டுவா"ங்கறான். "என் மருமக திட்ட மாட்டா, நான்தான் திட்டுவேன்"னு சொன்னேன்.

கடைசியில ஒரு வழி பண்ணினோம். நிச்சயத்துக்குத் தங்கத்தோட சேர்த்து சிவப்பு நூல்ல கட்டறதுக்கு ஒரு செம்பு மோதிரமும் வேணும் இல்லையா, அதை முதல்ல ரெண்டு அளவுக்கும் நடுவுல செஞ்சுட்டான். இதோட அனுப்பறேன். போட்டுப் பாரு. சரியா இருந்தா அதே அளவுல தங்கம். கணுவுல நின்னா சோப்பு போட்டுத் தள்ளு. ரொம்ப வலிச்சா விட்டுடு.

வென்செங் ஒரு கடுதாசி போட்டிருந்தான். ரெண்டே வரி. நிச்சயத்தை வருஷப் பிறப்புக்கு அப்புறம் தள்ளிக்கலாமான்னு. வேலையாம். வருஷப் பிறப்புக்கு அப்புறம் மட்டும் எந்த முதலாளி வேலை குறைச்சுக் குடுப்பான்னு எழுதிக் கேட்டிருக்கேன். பதில் இல்ல.

நீ இனிமே அத்தைன்னு எழுத வேண்டாம். அம்மான்னே எழுது. இங்க யாரும் என்னை அப்படிக் கூப்பிட ஆளில்ல. மகன் ஊர்ல இல்ல. இருந்தாலும், "ஏய், சோறு"ன்னுதான் கூப்பிடுவான்.

அம்மா


காவோசியுங்
16 டிசம்பர் 1984

அன்புள்ள அம்மாவுக்கு,

எழுதிப் பார்த்துவிட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது.

செம்பு மோதிரம் கணுவில் ஒரு நொடி நின்றது, பிறகு தானே இறங்கிவிட்டது. சுற்றவில்லை, பிடிக்கவும் இல்லை. ஸாயிடம் சொல்லுங்கள். வேலைக்குப் போட்டுக்கொண்டு போனேன். மேற்பார்வையாளர், "மின்சாரம் பக்கத்துல உலோகத்தை மாட்டிக்கிட்டு வர்றியே, உசிரு மேல ஆசை இல்லையா?"என்று கழற்றச் சொன்னார். வீட்டுக்கு வந்தால் போட்டுக்கொள்கிறேன்.

போன வாரம் லீவு கேட்டு வாங்கிக்கொண்டு தைப்பே போயிருந்தேன். அவருக்குப் பஞ்சு வைத்த மேல்சட்டை ஒன்று தைத்திருந்தேன். சொல்லாமல் போனால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். பழைய அறையை விட்டு மாறிவிட்டாராம். வீட்டுக்காரம்மா சொன்னதும் கடைக்கே போனேன். கல்லாவில் உட்கார்ந்திருந்த பெண் என்னைப் பார்த்துச் சிரித்து, "தங்கச்சியா?"என்று அவரைக் கேட்டாள். "ஊர்க்காரங்க" என்றார்.

மாட்டிறைச்சி நூடுல்ஸ் வாங்கித் தந்தார். என் கிண்ணத்தில் கறித்துண்டு குறைவு என்று தன்னுடையதிலிருந்து எடுத்துப் போட்டார். மோதிரம் போட்ட கை அவர் கண்ணில் படும்படி சாப்பிட்டேன். அவர் மோதிரத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு என்ன அவசரம் என்றார். ஒன்றும் அவசரமில்லை என்று நானும் சொன்னேன். ரயிலுக்கு நிறைய நேரம் இருந்தது. ஆனாலும் கொண்டுவந்து நிலையத்தில் விட்டுவிட்டுப் போய்விட்டார். மேல்சட்டை அளவு சரியாக இருந்ததா என்று கேட்க மறந்துவிட்டேன்.

அம்மா, சின்ன வயதில் அவர் பொய் சொன்னால் உங்களுக்கு எப்படித் தெரியும்?

பீஷியா


மகோங்
27 ஜனவரி 1985

என் கண்ணு பீஷியா,

உன் கேள்விக்கு நான் பதில் எழுதல. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துட்டேன். அவன் பொய் சொல்றப்போ ரொம்ப அன்பா இருப்பான். எனக்குக் காலு பிடிச்சு விடுவான். நீ அந்தக் கறித்துண்டை எழுதினதுமே எனக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சு.

போன வாரம் வந்தான். காத்துல கப்பல் நின்னுபோய், விமானத்துல வந்தான். அப்பவே தெரிஞ்சது, இது சும்மா வர்ற வரவு இல்லன்னு. கடை முதலாளியோட அண்ணன் பொண்ணு, ஷூஃபென்னு பேரு. கல்லாவுல உட்கார்ந்திருந்தாளே, அவதான். மூணு மாசமாம்.

"பீஷியாவுக்குச் சொல்லிட்டியா?"ன்னேன்.

"நீங்க சொல்லிடுங்கம்மா. உங்க மேலதான் அவளுக்கு ரொம்பப் பிரியம்."

கையில இருந்த கருவாட்டுக் கூடையால அடிச்சேன். நின்னு வாங்கிக்கிட்டான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தா எனக்கு ஆத்திரம் தீர்ந்திருக்கும். தலையில ஒட்டின செதிலைத் தட்டிக்கிட்டு நின்னான். அவனுக்குச் சோறு போடாம நான் சாப்பிட்டுப் படுத்தேன். விடிஞ்சதும் கஞ்சி வெச்சுக் குடுத்தேன். என்ன பண்றது, பெத்துட்டேன்.

நான் இதை எழுதாம விட்டா அவனாவது எழுதுவான்னு காத்திருந்தேன். எழுத மாட்டான்னு தெரிஞ்சுபோச்சு. இந்த மாதிரி ஒரு சேதி என் கையெழுத்துல உனக்கு வரணும்னு இருக்கு.

மோதிரம் தயாராயிடுச்சு. அது உன் விரலுக்குச் செஞ்சது, உனக்குத்தான். அவன் போட வேண்டாம், நான் போடறேன். எங்க ஊர்க் கோயில்ல வெச்சு உன்னை என் மகளா எடுத்துக்கறேன். அதுக்கு முறை இருக்கு, நாலு பேர் செய்யறதுதான். எனக்குப் பொண்ணு இல்ல. நீ மட்டும் சரின்னு சொல்லு, நானே வந்து கூட்டிட்டுப் போறேன்.

அம்மா


காவோசியுங்
9 பிப்ரவரி 1985

அன்புள்ள

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அத்தை என்று எழுதினால் அது இனி இல்லை. அம்மா என்று எழுதப் பயமாக இருக்கிறது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதம் வந்துதான் எனக்குத் தெரியும். அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அப்பாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்து உறைக்குள் போட்டார். கடைக்குப் போய், யாரோ விட்டுப்போன வண்டியின் எஞ்சினைக் கழற்றினார். எல்லாவற்றையும் துடைத்தார், திரும்ப மாட்டினார். அந்த வண்டியில் ஒரு பழுதும் இல்லை, எண்ணெய் மாற்றத்தான் விட்டிருந்தார்கள். பிறகு சந்தைக்குப் போய்ப் பன்றிக்கால் வாங்கி வந்து, மெல்லிய சேமியாவோடு வேகவைத்தார். "சாப்பிடு, பீடை போகும்"என்றார். அவருக்குச் சமைக்கத் தெரியாது. மயிர் சரியாகப் பொசுக்கவில்லை. ஆனாலும் இரண்டு பேரும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தோம்.

நிச்சயத்துக்குச் சொல்லி வைத்திருந்த கேக்கு வேண்டாம் என்று கடையில் போய்ச் சொல்லிவிட்டேன். கடைக்காரம்மா காரணம் கேட்கவில்லை. அதுவே போதும் என்று இருந்தது.

நீங்கள் இப்போது வர வேண்டாம். கோபம் இல்லை. வேண்டாம், அவ்வளவுதான்.

பீஷியா


மகோங்
20 மார்ச் 1985

பீஷியா கண்ணு,

நீ பெயர் போடாம ஆரம்பிச்சிருந்தே. பரவாயில்ல. நான் பாட்டுக்குக் கண்ணுன்னே எழுதறேன், அதுக்கு யாரும் தடை சொல்ல முடியாது.

அவங்க கல்யாணம் இந்த மாசக் கடைசியில. வயிறு பெருசாகறதுக்குள்ள முடிக்கணும்னு அவசரம். போன் பண்ணினான். எனக்குப் போன்ல பேசவே பிடிக்காது, சந்தைக்காரங்க எல்லாம் காதைத் தீட்டிக்கிட்டு நிப்பாங்க. "ஏற்கெனவே மோதிரம் இருக்கேம்மா, ஷூஃபெனுக்குக் கொஞ்சம் பெருசா வேணும், ஸாய் கிட்டச் சொல்லி அகலப்படுத்திடுங்க"ங்கறான். அவன் எதிர்ல நின்னிருந்தா மறுபடியும் கூடையை எடுத்திருப்பேன். "அது உன் சொத்து இல்லடா, எங்கம்மா சங்கிலி. யாருக்குப் போடணும்னு எனக்குத் தெரியும்"னு சொல்லி வெச்சுட்டேன்.

அவளுக்கு நான் ஒரு வரி எழுதல. எழுதவும் மாட்டேன். கல்யாணத்துக்குப் போவேன், வாயைத் திறக்க மாட்டேன், திரும்பி வருவேன்.

ஏப்ரல்ல முன்னோர் கல்லறைக்குப் படைக்கற திருநாள் முடிஞ்சதும் காவோசியுங் வர்றேன். வேண்டாம்னு எழுதியிருந்தே. உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துட்டு, மோதிரத்தைப் போட்டுட்டு வந்துடறேன்.

அம்மா


காவோசியுங்
28 ஏப்ரல் 1985

அன்புள்ள அம்மா,

நீங்கள் வந்த அன்று நான் வீட்டில்தான் இருந்தேன். உங்களுக்கும் அது தெரியும்.

கடைக்குப் பின்னால் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். அப்பா, "அவ வெளிய போயிருக்கா"என்றார். "எப்ப வருவா?"என்றீர்கள். "தெரியாது."நீங்கள், "சரி, இந்தத் தேநீரைக் குடிச்சிட்டுப் போறேன்"என்றீர்கள். அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. இன்னொரு முறை ஊற்றினார். உங்களை அனுப்ப அவருக்கும் மனசில்லை.

பிறகு நீங்கள் ஊர்ச் செய்தியெல்லாம் சொன்னீர்கள். காற்று நின்றுவிட்டது, கடல் தட்டு மாதிரி கிடக்கிறது, இப்போது வந்தால் யாருக்கும் வாந்தி வராது. பூனை அடுப்படியில் குட்டி போட்டிருக்கிறது, ஒன்றுக்கு மட்டும் வால் இல்லை. அப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். நீங்கள் அவ்வளவு சத்தமாகப் பேசியிருக்க வேண்டியதில்லை. யாருக்காகப் பேசினீர்கள் என்று படியில் இருந்தவளுக்குத் தெரியும். இரண்டு தடவை எழுந்தேன். எழுந்து மறுபடியும் உட்கார்ந்தேன்.

நீங்கள் போன பிறகு அப்பா மோதிரத்தைத் தந்தார். போட்டுப் பார்த்தேன். மிகவும் சரியாக இருந்தது. அன்று இரவு முழுவதும் விரலிலேயே இருந்தது. காலையில் கழற்றிவிட்டேன். இன்னும் ஒரு நாள் வைத்திருந்தால் கழற்றியிருக்க மாட்டேன்.

உங்கள் மகளாக வர எனக்கு ஆசை இல்லை என்று நினைக்காதீர்கள். வந்தால் வருஷப் பிறப்புக்கு உங்கள் வீட்டு மேசையில் உட்கார வேண்டும். அவர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எதிரில் இருப்பார். அந்தக் குழந்தை என்னை அத்தை என்று கூப்பிடும். நான் அதற்குச் சோறு ஊட்டுவேன். எனக்கு அதைச் செய்யவும் வரும். அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

ஷூஃபெனிடம் பேசுங்கள். அவளுக்கு நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை என்று படித்தபோது முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் அந்தச் சந்தோஷம் பிடிக்கவில்லை. என்னைப் பார்த்துத் தங்கச்சியா என்று கேட்டபோது அவள் முகத்தில் ஒன்றும் இல்லை, அம்மா. அவளுக்கு என்னைப் பற்றித் தெரிந்திருக்காது.

மோதிரத்தை அப்பாவே கொண்டுவந்து தருவார். தபாலில் அனுப்ப மனம் வரவில்லை.

இனி எனக்கு எழுத வேண்டாம். உங்கள் கடிதம் வருகிற நாளெல்லாம் அப்பா அதைக் கொடுப்பதற்கு முன் என் முகத்தைப் பார்க்கிறார். நான் சரியாகிவிட வேண்டும். நீங்கள் எழுதிக்கொண்டிருந்தால் நான் சரியாக மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பீஷியா


மகோங்
12 செப்டம்பர் 1985

பீஷியாவுக்கு,

எழுதாதேன்னு சொன்னே. கோடை முழுக்க எழுதல. இது ஒண்ணு மட்டும் எழுதிடறேன். நீ படிக்காமப் போட்டாலும் சரி.

உங்கப்பா வந்தார். கப்பல்ல அவருக்கும் வாந்தி. மோதிரத்தைக் கைக்குட்டையில முடிஞ்சு உள்சட்டைப் பையில வெச்சிருந்தார். கையில குடுத்தார். நான் கூடை ஏத்திக்கிட்டுப் போற வண்டியைப் பார்த்தார். "பிரேக் பிடிக்குதா?"ன்னார். "சுமாரா"ன்னேன். உட்கார்ந்து சரி பண்ணினார். கப்பலுக்கு நேரமாகிற வரைக்கும் பண்ணினார். போறப்போ, "உங்க மேல எங்களுக்கு ஒண்ணும் இல்ல"ன்னார். அவர் போனப்புறம் சந்தைக்குப் போகாம வீட்டுலயே இருந்தேன்.

கல்யாணத்துல ஷூஃபென் கழுத்துல நான் எதுவும் போடல. எல்லாரும் பார்த்தாங்க. அவளும் தலையைக் குனிஞ்சுக்கிட்டா. குழந்தை ஜூலைக் கடைசியில பொறந்தது. பொண்ணு. பிள்ளை பெத்தவளைப் பார்த்துக்க ஆளில்லன்னு அவன் இங்க கொண்டுவந்து விட்டுட்டு, தைப்பே போயிட்டான். அவளுக்கும் அம்மா கிடையாதாம். சித்தப்பா கடைதான் வீடு. இதையெல்லாம் நான் கேட்டுக்கவே இல்லை, பாரு.

நல்லெண்ணெயில கோழி வேகவெச்சு தினமும் கொண்டுபோய் வைப்பேன். அவ சாப்பிடுவா. பேச்சு இல்ல. ஆகஸ்ட் கடைசியில பிள்ளை பெத்தவ ஓய்வெடுக்கற மாசம் கழிஞ்சது. நான் ஒரு காகிதத்தைக் கிழிச்சுக்கிட்டு அவ பக்கத்துல உட்கார்ந்து, "கையைக் குடு"ன்னேன். குடுக்கல.

"வேண்டாம்மா. அது யாருக்குச் செஞ்சதுன்னு எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது."

"அந்த மோதிரம் இல்ல. உன் விரலுக்கு வேற."

அப்பவும் கையைப் பின்னாடி வெச்சுக்கிட்டா. நான்தான் இழுத்தேன். அடி விழப்போற மாதிரி கண்ணை மூடிக்கிட்டா. இத்தனை நாளா என் வீட்டுல சாப்பிட்டுக்கிட்டு என்னைப் பார்த்துப் பயந்துக்கிட்டே இருந்திருக்கா. காகிதத்தைச் சுத்தி முடிக்கறதுக்குள்ள ரெண்டு பேரும் அழுதுட்டோம். உன் மேல இருந்த பிரியத்தை எல்லாம் அவ மேல கோபமா வெச்சிருந்தேன். அதை எடுக்க எனக்கு இவ்வளவு நாளாச்சு.

உன் மோதிரத்தை உடைக்கவோ அகலப்படுத்தவோ எனக்கு மனசு வரல. ஸாய் அதை அப்படியே மாத்துக்கு எடுத்துக்கிட்டு, அதே எடைத் தங்கத்துல இவளுக்குச் செஞ்சு குடுத்தான். உன்னுது அவன் கடைக் கண்ணாடிப் பெட்டியில கொஞ்ச நாள் இருந்துச்சு. சந்தைக்குப் போற வழியில தினமும் பார்ப்பேன். நேத்து இல்ல. இங்க ராணுவ முகாமுல இருக்கற ஒரு சிப்பாய் வாங்கிட்டுப் போயிட்டானாம், லீவுல ஊருக்குப் போறானாம். எந்த ஊருன்னு நான் கேட்டுக்கல.

நீ நல்லா இரு. உங்கப்பாவைப் பார்த்துக்கோ.

இதுக்குப் பதில் போடாதே. போட்டா நான் மறுபடி எழுதிடுவேன்.

ஹுங் சின்யே